ரியாஸின் மஞ்சள் கண்ணும் ஒரு காரைக்கால் கல்யாணமும்

ஒரு கல்யாணத்துக்காகத்தான் காரைக்கால் போனேன். பஸ் சிதம்பரத்தைத் தாண்டும்போதே அந்தக் கல்யாணம் நடக்குமா என்பது சந்தேகமாகிவிட்டது.

புதுச்சேரியில் ஒரு மரபணு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பக்கத்து மேசைக்காரி நஸ்ரீன். காரைக்காலுக்குத் தெற்கே இருக்கும் திருமலைராயன்பட்டினம் அவள் ஊர். அவளுடைய தம்பி ரியாஸுக்கு ஏப்ரலில், ரம்ஜான் முடிந்து அடுத்த மாதம், ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். "நாலு நாள் லீவு போடு, ஊரைச் சுத்திக் காட்டுறேன்" என்றாள். ஊர் சுற்றுவதென்றால் எனக்கு இரண்டாவது தடவை சொல்லத் தேவையில்லை.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குப் புதுச்சேரி பஸ் நிலையத்தில் கிளம்பினோம். கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி வழியாகக் காரைக்கால் சுமார் 130 கிலோமீட்டர். ஆளுக்கு 150 ரூபாய். இடது பக்க ஜன்னலைப் பிடித்துவிடாதீர்கள், ஏழு மணிக்கு மேல் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். நாங்கள் பிடித்தோம், வெந்தோம்.

சிதம்பரத்தில் வாங்கிய இட்லிப் பொட்டலத்தை நஸ்ரீன் பிரித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய உம்மாவிடமிருந்து போன் வந்தது. பேசி முடித்ததும் பொட்டலத்தை அப்படியே மடித்துப் பையில் வைத்தாள்.

"பொண்ணோட வாப்பா கல்யாணத்தைத் தள்ளிப்போடலாமான்னு கேட்டாராம்."

"ஏன்?"

"ரியாஸுக்குக் கண்ணு மஞ்சளா இருக்காம். அவன் குடிக்கிறானோன்னு யாரோ சொல்லியிருக்காங்க."

காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்த பகுதி. தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியதும் முதலில் கண்ணில் படுவது மதுக்கடைப் பலகைகள்தான், விலையும் குறைவு. பக்கத்து மாவட்டங்களிலிருந்து அதற்கென்றே வருகிறவர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் கல்யாண வயதுப் பையனுக்குக் கண் மஞ்சளாக இருந்தால் ஜனங்கள் என்ன பேசும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பத்தேகாலுக்குக் காரைக்காலில் இறங்கினோம். நஸ்ரீன் வீட்டுக்கு வழக்கமாக வரும் ஆட்டோக்காரர் செல்வராஜ் காத்திருந்தார். நாற்பதைத் தாண்டியவர், சொந்த ஊர் நெடுங்காடு, வாய் ஓயாதவர். அரசலாற்றுப் பாலம் தாண்டி திருமலைராயன்பட்டினம் ஏழு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 180 ரூபாய். நாகப்பட்டினம் பஸ்ஸில் போனால் அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. பெட்டி இல்லையென்றால் பஸ்ஸே போதும்.

வீட்டில் மாப்பிள்ளை கூடத்தில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கழட்டுடா," என்றாள் நஸ்ரீன்.

"வேணாம் லாத்தா. வர்றவங்க எல்லாம் கண்ணைத்தான் பாக்குறாங்க." அம்மாவை உம்மா, அப்பாவை வாப்பா, அக்காவை லாத்தா என்று கூப்பிடுவது இந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளின் வழக்கம்.

கழற்றினான். கண்ணின் வெள்ளையில் லேசான எலுமிச்சை நிறம். நடந்ததைக் கேட்டேன். துபாயில் ஒரு கிடங்கில் கணக்கர் வேலை கிடைத்திருக்கிறது. அதற்கான மருத்துவச் சோதனைக்குப் போன இடத்தில் பிலிருபின் கூடுதலாக இருக்கிறது என்று சொல்லி, இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். ரத்தத்தில் பழைய சிவப்பணுக்கள் உடையும்போது வரும் மஞ்சள் பொருள்தான் பிலிருபின். அதைக் கழிக்கும் வேலை கல்லீரலுக்கு. சோதனைச் செய்தி எப்படியோ பெண்ணின் வாப்பா ரவூஃப் காதுக்குப் போய்விட்டது.

"லாத்தா, நான் கலர் சோடாகூடக் குடிக்க மாட்டேன்னு உனக்குத் தெரியும்ல?" அவன் அக்காவின் பக்கம் திரும்பினான். "அவங்க வீட்டோட போய் இருக்கப்போற மாப்புள நான். இந்தப் பேச்சோட எப்படிப் போறது?"

இவர்கள் குடும்பங்களில் கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். ரவூஃப் பதறியதிலும் நியாயம் இருந்தது.

"சோதனைக்கு ரத்தம் கொடுத்த அன்னிக்குச் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல, ஆறு நோன்பு வெச்சிருந்தேன்."

ரம்ஜான் நோன்பு முடிந்து பெருநாளுக்குப் பிறகு சிலர் இன்னும் ஆறு நாள் நோன்பு வைப்பார்கள். அந்த நாட்களில் ஒன்றில்தான் போயிருக்கிறான். அதற்கப்புறம் கவலையில் சரியாகச் சாப்பிடவும் இல்லையாம். அவன் காட்டிய முடிவில் கல்லீரலுக்கான மற்ற அளவுகள் எல்லாம் சரியாகவே இருந்தன. எனக்குள் ஒரு சின்ன மணி அடித்தது. ஆனால் நான் டாக்டர் இல்லை. "வாங்க, முதல்ல டாக்டரைப் பார்க்கலாம்" என்றேன்.

மத்தியானம் அவனை மூக்குமுட்டச் சாப்பிட வைத்து, காரைக்காலில் ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். பொறுமையாகக் கேட்டார். ரத்தம் எடுக்கச் சொன்னார், வயிற்றை ஸ்கேன் பார்த்தார், மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கும் சோதித்தார். சாயங்காலம் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, உங்களுக்கு வியாதி எதுவும் இல்ல. கில்பர்ட் சிண்ட்ரோம்னு சொல்லுவோம். பட்டினி கிடந்தா, தூக்கம் கெட்டா, காய்ச்சல் வந்தா கண்ணு கொஞ்சம் மஞ்சளாகும். சாப்பிட்டா தானா இறங்கும். மருந்து கிடையாது, தேவையும் கிடையாது."

ரியாஸ் கூலிங் கிளாஸை மருத்துவரின் மேசையிலேயே மறந்துவிட்டு வந்தான்.

அன்று மாலை நாங்கள் மூன்று பேரும் காரைக்கால் கடற்கரையில் உட்கார்ந்து சுடச்சுட இறால் வாடா தின்றோம். அரிசி மாவில் வெங்காயமும் இறாலும் வைத்துப் பொரிப்பது, ஆற விடாதீர்கள். பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த நாள் அதைக் கெடுக்கப்போவது நான்தான் என்று அப்போது தெரியாது.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் நஸ்ரீனும் நானும் ரவூஃப் வீட்டுக்குப் போனோம். ஊருக்குள் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், அறுபது வயது இருக்கும். "வாங்க, வாங்க" என்று எழுந்து வந்து வரவேற்றார். தம்ரூட் என்னும் ரவை இனிப்பைத் தட்டு நிறைய வைத்தார்கள். டாக்டர் சொன்னதை நஸ்ரீன் சொன்னாள். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "கில்பர்ட்டா? பிரெஞ்சுக்காரங்க போகும்போது இதையும் இங்க விட்டுட்டுப் போயிட்டாங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரிப்போடு எழுந்து வந்திருக்கலாம்.

நான் ஆரம்பித்தேன். இதுதானே என் வேலையே! ஜீன் எல்லோரிடமும் ஒன்றுதான், அது எவ்வளவு வேலை செய்கிறது என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது, அதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறோம் என்று தொடங்கினேன். பிலிருபினைக் கழிக்கும் ஜீனுக்கு முன்னால் டி.என்.ஏ.வின் இரண்டெழுத்துத் தொடர் ஒன்று திரும்பத் திரும்ப வரும், வழக்கமாக ஆறு தடவை. சிலருக்கு ஏழு தடவை இருக்கும். அந்த ஒன்று கூடுவதால் ஜீன் கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும். "அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டேருந்தும் வந்தாத்தான் இப்படித் தெரியும். பரம்பரையா வர்றது" என்று உற்சாகமாக முடித்தேன்.

ரவூஃபின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"பரம்பரை வியாதியா?"

"வியாதி இல்லீங்க..."

"ஜீன்லயே குறைன்னு இப்ப நீங்கதானே சொன்னீங்க?" அவர் குரலை உயர்த்தவில்லை. "எங்க ஆளுங்க கப்பல்ல போய்வந்தவங்க, அரபு ரத்தம் கலந்திருக்குன்னு சொல்லுவாங்க. சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கிறவங்க வேற. அதனால எங்க சனத்துக்கு மட்டும் வர்றதா இது?"

"இல்லீங்க, உலகத்துல எல்லா ஜனங்கள்கிட்டயும் இருக்கு. சில இடத்துல கூட, சில இடத்துல கம்மி. ஆப்பிரிக்காவுல, நம்ம நாட்டுல கொஞ்சம் அதிகம். சீனா, ஜப்பான் பக்கம் குறைவு..."

அவர் நான் சொன்னதில் "நம்ம நாட்டுல அதிகம்" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. எங்களை வாசல் வரை வந்து வழியனுப்பினார். "கொஞ்ச நாள் போகட்டும்மா. அவசரம் ஒண்ணும் இல்லியே" என்று நஸ்ரீனிடம் மெதுவாகச் சொன்னார்.

வெளியே செல்வராஜின் ஆட்டோ நின்றது. ஏறி உட்கார்ந்தோம். நஸ்ரீன் என் பக்கம் திரும்பினாள். "கவி, நீ மாநாட்டுல பேசுற மாதிரி பேசிட்ட. ரியாஸ் கண்ணு ஏன் மஞ்சளாச்சுன்னு அவர் கேட்கவே இல்லியே" என்றாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நாளை மறுநாள் கல்யாணம், ஊரெல்லாம் அழைப்பு கொடுத்தாகிவிட்டது. அந்தப் பையன் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியவில்லை.

செல்வராஜ் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார். "தப்பா நினைக்காதீங்க, காதுல விழுந்துச்சு. ரியாஸ் தம்பிக்குக் கண்ணு மஞ்சளா? எனக்கும் அப்படித்தாங்க."

"என்னது?"

வண்டியை ஓரமாக நிறுத்தினார். திரும்பி உட்கார்ந்து, கீழிமையை விரலால் இழுத்துக் காட்டினார். பின்மதிய வெயிலில் தெளிவாகத் தெரிந்தது, அதே எலுமிச்சை நிறம்.

"காலையில சவாரி இருந்துச்சு, சாப்பிடல. கிருத்திகை விரதம் இருந்தாலும் இப்படித்தான். வயசுப் பையனா இருந்தப்ப ஊருல இருந்த கீழாநெல்லி எல்லாத்தையும் எங்கம்மா எனக்கே அரைச்சுக் குடுத்துச்சு. ஒரு ஆட்டுக்குக்கூட மிச்சமில்ல. அப்புறம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில எல்லாம் பாத்துட்டு, ஒண்ணும் பண்ணாது போன்னுட்டாங்க. ஏதோ கில்லுன்னு வரும் பேரு."

"கில்பர்ட்டா?"

"அதேதாங்க!"

நஸ்ரீன் வாய்விட்டுச் சிரித்தாள்.

"கல்யாணத்துல உங்களுக்கு எதுவும் பிரச்சினை வரலையாண்ணே?" என்று கேட்டாள்.

"வராமயா? என் மாமனார் வாயை ஊதச் சொன்னாருங்க!"

சனிக்கிழமை காலை அவர் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். காரைக்காலிலிருந்து நெடுங்காடு பத்து கிலோமீட்டர். காவிரி நீர் வரும் வாய்க்கால்கள் கோடையில் வறண்டு கிடந்தன. ஜூனுக்கு மேல் போனால் தண்ணீரும் நாற்றும் பார்க்கலாம். நாங்கள் பார்த்தது பருத்திச் செடிகளும் உளுந்து காயும் களங்களும். அதற்கும் ஒரு அழகு இருக்கிறது, தொப்பி மட்டும் மறக்காதீர்கள். செல்வராஜின் மனைவி மல்லிகா தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே, "இவருக்கு நேரத்துக்குச் சோறு போட்டாலே போதுங்க, கண்ணு பால் மாதிரி ஆயிடும்" என்றார். எங்கள் ஆய்வகத்தில் எங்களுக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வராது.

அங்கே இருக்கும்போதுதான் நஸ்ரீனுக்கு ஒரு போன் வந்தது. மணப்பெண் சபீரா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள்.

"அக்கா, மூணு கேள்வி. ஒரே வார்த்தையில பதில் சொல்லுங்க. இதால அவர் உயிருக்கு ஆபத்து உண்டா?"

"இல்ல."

"இது குடியால வர்றதா?"

"இல்ல."

"எங்களுக்குப் பிள்ளை பொறந்தா?"

"அதை ஒரு வார்த்தையில சொல்ல முடியாதும்மா. பொறந்த குழந்தைக்கு மஞ்சள் கொஞ்சம் கூடுதலா, கொஞ்ச நாள் அதிகமா இருக்கலாம். முன்கூட்டியே டாக்டர்கிட்ட சொல்லி வெச்சா பாத்துக்குவாங்க. சில மருந்து குடுக்கும்போதும் சொல்லணும். அவ்வளவுதான்."

"நேத்து நான் உள்ள இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்க்கா. வாப்பா கேட்டது ஆபத்து இருக்கான்னு. நீங்க சொன்னது ஜீன் எப்படி வேலை செய்யுதுன்னு. எங்க வாப்பாவுக்குப் பாடம் வேணாம், ஆளைக் காட்டணும். அப்படி யாராவது இருக்காங்களா?"

நான் செல்வராஜைப் பார்த்தேன். மூன்றாவது தோசையில் இருந்தார்.

"இருக்காரும்மா. ஆனா இப்பதான் சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு."

"பரவாயில்ல, உடனே கூட்டிட்டு வாங்க!" சபீரா சிரித்தாள். "கண்ணு வெளுக்குறதுக்குள்ள!"

வழியில் ரியாஸையும் ஏற்றிக்கொண்டு பதினொன்றரைக்கு ரவூஃப் வீட்டு வாசலில் போய் நின்றோம். வெளிச்சம் நன்றாக இருந்தது. நான் வாயே திறக்கக் கூடாது என்று நஸ்ரீன் சொல்லிவிட்டாள். செல்வராஜ் ஒரு நொடி தயங்கி, தோளில் இருந்த துண்டைச் சரி செய்துகொண்டு சொன்னார்.

"ஐயா, தம்பிக்கு இருக்குறது எனக்கும் இருக்குங்க. கொஞ்சம் பாருங்க."

ரவூஃப் புரியாமல் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ரியாஸும் செல்வராஜும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கீழிமையை இழுத்துக் காட்டினார்கள். ரவூஃப் செல்வராஜின் கண்ணைப் பார்த்தார், ரியாஸின் கண்ணைப் பார்த்தார், மறுபடி செல்வராஜின் கண்ணைப் பார்த்தார். தெருவில் போன ஒருவர் நின்று வேடிக்கை பார்த்தார்.

"நீங்க எந்த ஊரு?"

"நெடுங்காடுங்க."

"எங்க ஆளுங்க இல்லியே."

"இல்லீங்க. வெவசாயக் குடும்பம்."

"எத்தனை வருசமா இப்படி?"

"வயசுப் பையனா இருந்த காலத்துலேருந்துங்க. கல்யாணம் ஆயி பத்தொன்பது வருசம், மூணு பிள்ளைங்க. பெரியவன் காலேஜ் போறான். நான் நாள் பூரா வண்டி ஓட்டுறேன். ஒரு குறையும் இல்லீங்க. குடிக்கிறதும் இல்லீங்க."

ரவூஃப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அந்தப் பெண் மருத்துவரின் நம்பரை நஸ்ரீனிடம் வாங்கி, தானே போன் போட்டார். "உயிருக்கு ஒண்ணும் இல்லியே? ...சரிங்க... தொத்துமா? ...சரிங்க." அவர் கேட்கக் கேட்க ரியாஸ் பக்கத்தில் நின்று என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தான். தன் அக்காவுடையது என்று நினைத்துவிட்டான் போல.

போனை வைத்துவிட்டு ரவூஃப் நேராக ரியாஸிடம் வந்தார்.

"காலையில சாப்பிட்டியா?"

"இல்ல மாமா. இறங்கல."

"அப்புறம் எப்படி மஞ்சள் இறங்கும்? வா உள்ள. எல்லாரும் வாங்க. குடிக்கிறான்னு சொன்னவன் பேச்சை நான் கேட்டிருக்கக் கூடாது. அல்லாஹ் மன்னிக்கணும்."

உள்ளேயிருந்து வளையல் சத்தமும் யாரோ ஓடும் சத்தமும் கேட்டன. ஞாயிற்றுக்கிழமை சொன்ன நேரத்துக்கு நிக்காஹ் நடந்தது. மதியம் சஹன் சாப்பாடு, அதாவது பெரிய தட்டில் பிரியாணியை வைத்துச் சுற்றி உட்கார்ந்து நாலு பேர் ஒன்றாகச் சாப்பிடுவது. ரியாஸின் சஹனில் செல்வராஜும் உட்கார்ந்தார். இரண்டு பேரும் போட்டி போட்டுத் தின்றார்கள் என்று ஆண்கள் பக்கமிருந்து செய்தி வந்தது.

திங்கட்கிழமை திரும்பும் பஸ்ஸில் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் வேலையில் மனிதர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நிறம் கொடுத்து வரைபடம் போடுவோம். இந்தக் கூட்டத்தில் இந்த ஜீன் இவ்வளவு வெளிப்படுகிறது, அந்தக் கூட்டத்தில் அவ்வளவு என்று. அது தேவையான வேலைதான். எந்த ஊரில் எது சகஜம் என்று தெரிந்தால்தான் மருந்தின் அளவையும் சோதனையின் அளவையும் சரியாக வைக்க முடியும். ஆனால் அந்த வரைபடத்தில் திருமலைராயன்பட்டினத்து ரியாஸுக்கு ஒரு நிறமும் நெடுங்காட்டு செல்வராஜுக்கு வேறு நிறமும் விழுந்திருக்கும். இரண்டு பேர் கல்லீரலிலும் அந்த ஜீன் ஒரே மாதிரி சோம்பல்படுகிறது என்பது தெரிய, அவர்களை ஒரே வெயிலில் நிறுத்த வேண்டியிருந்தது. கூட்டத்துக்குக் கூட்டம் வித்தியாசம், எத்தனை பேருக்கு அது இருக்கிறது என்பதில்தான். இவர்களுக்கு மட்டும் என்று ஒன்றுமில்லை. இதை நான் பாடமாகப் படித்தவள்தான். இருந்தும் அன்று அந்த வாசலில் நின்றபோது உடம்பு சிலிர்த்தது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போனால் வெயில் தொல்லை இல்லை. சனிக்கிழமைகளில் பக்கத்துத் திருநள்ளாறுக்குக் கூட்டம் வரும், அறைகள் கிடைக்காது; முன்பே சொல்லி வையுங்கள், இரண்டு பேருக்கு 1,500 ரூபாயில் சுத்தமான அறை கிடைக்கும். நெடுங்காடு போய்வர ஆட்டோவுக்கு 600 வரை கேட்பார்கள், காத்திருக்கும் நேரமும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். தம்ரூட் இரண்டு நாள் தாங்கும். இறால் வாடா தாங்காது, அங்கேயே தின்றுவிடுங்கள்.

கண் மஞ்சளாக இருந்தால் என் கதையைப் படித்துவிட்டு நீங்களாக கில்பர்ட் என்று முடிவு செய்துகொள்ளாதீர்கள். கல்லீரல் வியாதியிலும் கண் மஞ்சளாகும். முதலில் டாக்டரைப் பாருங்கள். வேலைக்கான ரத்தச் சோதனைக்குப் போகிறவர்கள், பட்டினியோடு வரச் சொன்னார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லவில்லையென்றால் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

ரியாஸ் அப்படித்தான் போனான், டாக்டர் எழுதிக் கொடுத்ததையும் எடுத்துக்கொண்டு. இந்த முறை தேறிவிட்டான். போன வாரம் திருச்சி விமான நிலையத்திலிருந்து சபீரா ஒரு போட்டோ அனுப்பினாள். ரியாஸ் பெட்டியோடு நிற்கிறான், பக்கத்தில் ரவூஃப். நான் விரலால் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து அடுத்த செய்தி வந்தது.

"கண்ணைப் பெருசாக்கிப் பாக்காதீங்கக்கா. எட்டு இட்லி சாப்பிட்டுட்டுத்தான் கிளம்பினாரு."